மலைத் திமிங்கலம் ஒரு பிளேட்!

போன மாசம் சுஷி பத்தி ஒரு எபிசோட் போட்டோம் இல்லையா, அதுக்கு வந்த மெசேஜ்களில் பாதிக்கு மேல ஒரே கேள்விதான். “ப்ரோ, அங்க தினமும் பச்சை மீன்தான் சாப்பாடா?”

இல்லைங்க. டோக்கியோவில் ஒரு வேலைநாள் மதியம் 12 மணிக்கு ஆபீஸ் ஏரியா பக்கம் நடந்து பாருங்க. ஐடி கார்டைக் கழுத்தில் மாட்டிக்கிட்டு வரிசையில் நிற்கிற கூட்டம் ராமென் கடை, டொன்கட்சு கடை, சோபா கடை, கறி ரைஸ் கடை வாசலில்தான் நிற்கும். அந்த வரிசைகளில் பலவற்றின் மறுமுனையில் இருப்பது பன்றி. வறுத்த பன்றி, வேகவைத்த பன்றி, எலும்பாகக் கொதிக்கிற பன்றி. ஆனா 150 வருஷத்துக்கு முன்னால் இதே ஊரில் அதோட பெயரைச் சொல்லி விற்கவே கூச்சப்பட்டார்கள். அந்தக் கதையையும் சொல்றேன், கடைக்குள் போய் எப்படி ஆர்டர் பண்ணுவது என்பதையும் சொல்றேன். பன்றி சாப்பிடாதவங்க இந்த எபிசோடை ஸ்கிப் பண்ணிடாதீங்க. உங்களுக்குத்தான் இதில் ரொம்ப முக்கியமான பகுதி இருக்கு.

முதல்ல ஒரு குழப்பத்தைத் தீர்த்துடலாம். டொன்கட்சு வேற, டொன்கொட்சு வேற. ‘டொன்’ என்றால் பன்றி. ‘கட்சு’ என்பது கட்லெட் என்ற சொல் ஜப்பானிய வாயில் ‘கட்சுரெட்சு’ ஆகி, பிறகு பாதியாக வெட்டுப்பட்டது. ‘கொட்சு’ என்றால் எலும்பு. ஆக டொன்கட்சு என்பது பொரித்த பன்றித் துண்டு, டொன்கொட்சு என்பது பன்றி எலும்பு சூப். ஒரு எழுத்து மாறினால் தட்டுக்குப் பதில் கிண்ணம் வந்துவிடும்.

அப்புறம், ஜப்பானில் வெளியே சாப்பிடுவதில் நம்ம ஊர் பழக்கத்துக்கு மாறான ஒரு விஷயம். நாம ஒரு ஹோட்டலுக்குள் போனால் இட்லியில் ஆரம்பிச்சு ஃப்ரைட் ரைஸ் வரை எல்லாம் ஒரே மெனு கார்டில் இருக்கணும். அங்கே பெரும்பாலான சின்னக் கடைகள் ஒரே ஒரு பொருளைத்தான் செய்யும். டொன்கட்சு கடையில் ராமென் கேட்கக் கூடாது. ராமென் கடையில் சுஷி கிடையாது. அதனால் நாலு பேர் சேர்ந்து போகும்போது என்ன சாப்பிடலாம் என்ற சண்டையைத் தெருவிலேயே முடிச்சுட்டுத்தான் உள்ளே போகணும்.

சரி, டொன்கட்சு கடைக்குள் போவோம்.

கதவைத் தள்ளினதும் எல்லோரும் சேர்ந்து சத்தமாக வரவேற்பார்கள். பயப்படாதீங்க, பதில் சொல்லவேண்டிய அவசியமில்லை. தனியாக வந்திருந்தால் கவுன்ட்டரில் உட்காரச் சொல்வார்கள். நான் எப்பவும் கவுன்ட்டரைத்தான் கேட்பேன், ஏன்னா எண்ணெய்ச் சட்டி கண்ணுக்கு எதிரிலேயே இருக்கும். மெனு பார்க்க நீளமாக இருந்தாலும் உண்மையில் கேள்வி ஒண்ணுதான். ரோசுவா, ஹிரேவா?

ரோசு என்பது முதுகுப் பகுதித் துண்டு. ஓரத்தில் ஒரு பட்டையாகக் கொழுப்பு ஓடும். ஹிரே என்பது உள்பகுதியில் இருக்கும் மெல்லிய, கொழுப்பே இல்லாத தசை. ஹிரே மெத்தென்று இருக்கும், பயமில்லாமல் சாப்பிடலாம். ஆனா ஒரு கடையின் தரம் தெரியணும்னா ரோசுதான் வாங்கணும் என்பது என் கட்சி. அந்தக் கொழுப்புப் பட்டை வாயில் ரப்பர் மாதிரி நின்றால் கடை சுமார். வெண்ணெய் மாதிரி கரைந்தால் நல்ல கடை. ரோசுத் துண்டின் ஒரு முனையில் கொழுப்பு அதிகமாக இருக்கும். அந்த ஓரத்துண்டை நான் கடைசி வாய்க்காக ஒதுக்கி வைப்பேன். மெனுவில் ‘குரோபுட்டா’ என்று பார்த்தால் அது கறுப்புப் பன்றி. பெரும்பாலும் தெற்கே ககோஷிமாவில் வளர்க்கிற பெர்க்‌ஷயர் இனம். விலை கூடும்.

ஆர்டர் பண்ணி பத்து, பதினைந்து நிமிஷம் ஆகும். கறி தடியாக இருக்கும். மாவு, முட்டை, அதுக்கு மேல் பான்கோ. இந்த பான்கோவைப் பத்திக் கொஞ்சம் பேசணும். நம்ம வீட்டில் கட்லெட்டுக்குப் போடுகிற பிரெட் தூள் ரவை மாதிரி நைஸாக இருக்கும். அது எண்ணெயைக் குடிச்சு ஒரு இறுக்கமான தோலாக ஆகிவிடும். பான்கோ ஊசி ஊசியாக, செதில் செதிலாக இருக்கும். செதில்களுக்கு நடுவே காற்று இருப்பதால் எண்ணெய் வடிஞ்சு போயிடும், மொறுமொறுப்பு நிற்கும். அதுக்கான ரொட்டியையே சில தொழிற்சாலைகளில் அடுப்பில் சுடாமல், மாவுக்குள் மின்சாரத்தைச் செலுத்தி வேகவைக்கிறார்கள். அப்படி வெந்த ரொட்டிக்கு மேலே பழுப்புத் தோல் வராது, முழுக்க வெள்ளையாக இருக்கும். நல்ல கடைகள் காய்ந்த தூளை வாங்காமல், ஈரம் உள்ள புது பான்கோவைப் பயன்படுத்தும்.

பொரித்து எடுத்ததும் உடனே வெட்ட மாட்டார்கள். கொஞ்ச நேரம் சும்மா வைப்பார்கள். உள்ளே இருக்கிற சூட்டிலேயே மீதி வேகும். பிறகு கத்தி இறங்கும்போது வரும் ‘சரக் சரக்’ சத்தம் இருக்கே, அதுக்காகவே கவுன்ட்டரில் உட்காரலாம். துண்டை கம்பி வலை மேல் வைத்துத் தருவார்கள், அடிப்பக்கம் நனைந்து போகாமல் இருக்க. பக்கத்தில் முடி மாதிரி சீவிய பச்சை முட்டைக்கோஸ் மலை. சோறு, மிசோ சூப், ஊறுகாய். முட்டைக்கோஸ், சோறு, சூப் மூன்றையும் பல கடைகளில் கூடுதல் காசில்லாமல் மறுபடி கேட்கலாம். ‘ஒகாவாரி’ என்று சொன்னால் போதும். இந்த ஒரு வார்த்தை மட்டும் தெரிந்தால் பட்ஜெட் பயணத்தில் இரவுச் சாப்பாட்டையே மிச்சம் பிடிக்கலாம்.

சின்ன உரலில் எள் கொடுத்தால் அதை நீங்களே அரைச்சு, மேலே கெட்டியான பழுப்பு சாஸை ஊத்திக்கணும். அது இங்கிலாந்து வூஸ்டர் சாஸின் ஜப்பானிய வாரிசு, பழமும் காய்கறியும் சேர்த்து இனிப்பாக்கியது. என் ஆலோசனை, முதல் துண்டை வெறும் உப்போடு சாப்பிடுங்க. இரண்டாவது துண்டுக்கு கடுகு. சாஸ் அதுக்கப்புறம். மொத்தத் துண்டின் மேலும் சாஸை ஊத்தினால் அந்த மொறுமொறுப்பு செத்துடும். நகோயா பக்கம் போனால் இந்த விதியே செல்லாது. அங்கே கறுத்த மிசோ குழம்பைத் தாராளமாக மேலே ஊத்தித்தான் தருவார்கள். அதுவும் அருமைதான், ஆனா அது வேற சாப்பாடு.

உள்ளே லேசாக இளஞ்சிவப்பாக இருந்தால்? பன்றிக்கறி நன்றாக வேகணுமே என்று நமக்கு மனசு அடிச்சுக்கும். ஜப்பானில் சட்டம் சொல்லும் அளவு, கறியின் நடுப்பகுதி 63 டிகிரியில் 30 நிமிஷம், அல்லது அதுக்குச் சமமான சூடு. சூடு கூடினால் நேரம் குறையும். அந்த அளவைத் தொட்ட கறியிலும் இளஞ்சிவப்பு நிறம் கொஞ்சம் தங்கியிருக்கலாம். நிறத்தை வைத்து மட்டும் பச்சை என்று முடிவு பண்ணிட முடியாது. ஆனா உண்மையிலேயே பச்சையாகச் சாப்பிட்ட காலமும் ஒண்ணு இருந்தது. 2012-ல் மாட்டு ஈரலைப் பச்சையாகப் பரிமாறுவதை அரசு தடை பண்ணியது. உடனே சில கடைகள் அந்த இடத்தில் பன்றி ஈரலைப் பச்சையாக வைக்க ஆரம்பித்தன. அது இன்னும் ஆபத்து, ஹெபடைடிஸ் ஈ வைரஸ் வர வாய்ப்பு உண்டு. 2015 ஜூனில் பன்றிக்கும் தடை வந்தது. இப்போ ‘யாகிடொன்’ கடைகளில், அதாவது பன்றியின் நாக்கு, இதயம், குடல், தலைக்கறி எல்லாத்தையும் குச்சியில் செருகிக் கரியில் சுடுகிற சாயங்காலக் கடைகளில், ஈரலைச் சுட்டுத்தான் தருவார்கள்.

இப்போ கொஞ்சம் பின்னால போகலாம்.

கி.பி. 675-ல் தென்மு பேரரசர் ஒரு ஆணை போட்டார். மாடு, குதிரை, நாய், குரங்கு, கோழி, இந்த ஐந்தையும் வருஷத்தில் சில மாதங்கள் சாப்பிடக் கூடாது. பௌத்தம் பரவிய நேரம். உழவுக்கு மாடு வேணும் என்ற கணக்கும் இருந்தது. அந்தப் பட்டியலைக் கவனிச்சீங்களா? காட்டுப்பன்றியும் மானும் அதில் இல்லை. ஆனா அடுத்தடுத்து வந்த ஆணைகளும் பௌத்த, ஷிந்தோ தீட்டுக் கருத்துகளும் சேர்ந்து, நாலு கால் பிராணியைச் சாப்பிடுவதே அசிங்கம் என்ற எண்ணம் ஊறிப்போனது. சுமார் 1,200 வருஷம்.

அதுக்காக யாருமே சாப்பிடலையா? சாப்பிட்டாங்க. பெயரை மாத்திக்கிட்டாங்க. காட்டுப்பன்றிக்கு ‘யமாகுஜிரா’, அதாவது மலைத் திமிங்கலம். திமிங்கலம் அவங்க கணக்கில் மீன், மீன் சாப்பிடலாம், அப்போ மலையில் இருக்கிற திமிங்கலத்தையும் சாப்பிடலாம் தானே! இன்னும் நாசூக்காக, காட்டுப்பன்றிக்கு ‘போட்டான்’ என்று ஒரு பூவின் பெயர். மான்கறிக்கு ‘மோமிஜி’, மேப்பிள் இலை. குதிரைக்கறிக்கு ‘சகுரா’. மருந்துக்காகச் சாப்பிடுகிறேன் என்று ஒரு சாக்கு வேறு. ஹிரோஷிகே என்ற புகழ்பெற்ற ஓவியர் எடோ நகரத்தின், அதாவது இன்றைய டோக்கியோவின், காட்சிகளை வரிசையாக வரைந்தார். அதில் 1858-ல் வந்த ஒரு பனிக்காலப் படத்தில், பிகுனி பாலத்துப் பக்கம் ஒரு பெரிய கடைப் பலகை தொங்கும். அதில் எழுதியிருப்பது ‘யமாகுஜிரா’. ஊரே படிக்கிற மாதிரி ரகசியம்!

சிரிக்காதீங்க, நம்ம ஊர்லயும் உண்டு. தமிழ்நாட்டில் எத்தனை கடைப் பலகையில் ‘பன்றிக்கறி’ என்று நேராக எழுதிப் பார்த்திருக்கீங்க? ‘வெண்பன்றி’ என்று எழுதுவார்கள், பண்ணையில் வளர்ந்த வெள்ளைப் பன்றி, தெருவில் திரிவது இல்லை என்று சொல்வதற்கு. கொஞ்சம் ஸ்டைலான ரெஸ்டாரன்ட் என்றால் ‘போர்க்’. அதே இறைச்சிதான், இங்கிலீஷ் சட்டை போட்டதும் ஏசி ஹாலுக்குள் வந்துடும்.

பெயரை மாத்தாமல் சாப்பிட்ட ஒருத்தரும் இருந்தார். ஜப்பானின் கடைசி ஷோகன் தொகுகவா யோஷினோபு. பன்றிக்கறி அவருக்கு அவ்வளவு பிடிக்கும். அதனால் ஜனங்கள் வைத்த பட்டப்பெயரிலேயே பன்றி வந்துடுச்சு, ‘புட்டா-இச்சி’ பிரபு என்று. ‘புட்டா’ என்றால் வீட்டுப் பன்றி.

ஷோகன் ஆட்சி 1868-ல் முடிந்தது, மெய்ஜி பேரரசரின் காலம் வந்தது. மேற்கத்திய நாடுகளுக்கு ஈடாக நிற்கணும், அவங்க மாதிரி உடம்பு வளரணும் என்ற நினைப்பு. 1872 ஜனவரியில் பேரரசரே இறைச்சி சாப்பிட்டார் என்ற செய்தி வெளியானது. அடுத்த மாதமே வெள்ளை உடை அணிந்த மலைத் துறவிகள் ஒரு கூட்டமாக அரண்மனைக்குள் நுழையப் பார்த்தார்கள். அந்நியர்கள் வந்த பிறகு ஜனங்கள் இறைச்சி தின்கிறார்கள், தெய்வங்களுக்கு இந்த மண்ணில் இருக்க இடமில்லை என்பது அவர்களின் கோபம். காவலர்களுடன் நடந்த மோதலில் அவர்களில் பலர் உயிரிழந்தார்கள். ஒரு சாப்பாட்டு விஷயத்துக்காக! சாப்பாடு என்பது வெறும் ருசி விஷயம் என்று யாராவது சொன்னால் எனக்கு இந்தச் சம்பவம்தான் ஞாபகம் வரும்.

இதுக்குப் பிறகு கதை கின்ஸாவுக்கு வருது. 1895-ல் அங்கே ரெங்கதேய் என்ற மேற்கத்திய உணவகம் திறந்தது. இன்னைக்கும் இருக்கு. பிரெஞ்சு முறைக் கட்லெட்டை வெண்ணெயில் வறுத்து அடுப்பில் வைத்து முடிக்கணும், நேரம் ஆகும், கனமாகவும் இருக்கும். அந்தக் கடையில் பன்றித் துண்டை டெம்புரா மாதிரி நிறைய எண்ணெயில் முக்கிப் பொரிக்க ஆரம்பித்தார்கள். 1904-ல் ரஷ்யாவோடு போர். சமையல்கார ஆண்கள் போர்முனைக்குப் போய்விட, வெந்த காய்கறிகளைப் பக்கத்தில் வைக்க ஆளில்லை. முட்டைக்கோஸைப் பச்சையாகச் சீவி வைத்தார்கள் என்று சொல்லப்படுகிறது. இன்னைக்கு ஜப்பான் முழுக்க டொன்கட்சு தட்டில் இருக்கிற அந்த முட்டைக்கோஸ் மலை ஆள் பற்றாக்குறையில் பிறந்தது. பிறகு துண்டு தடியானது, சாப்ஸ்டிக்கில் எடுக்க வசதியாகக் கடையிலேயே வெட்டித் தர ஆரம்பித்தார்கள், கத்தியும் முள்கரண்டியும் போய் சோறும் மிசோ சூப்பும் வந்தன. 1930 வாக்கில் டோக்கியோவின் உவேனோ பக்கம் ‘டொன்கட்சு’ என்ற பெயரும் நிலைத்துவிட்டது. ‘கட்சு’ என்ற ஒலிக்கு ஜப்பானிய மொழியில் ‘வெல்வது’ என்றும் பொருள் இருக்கு. அதனால் பரீட்சைக்கு முந்தின நாள் ராத்திரி அம்மாக்கள் பிள்ளைகளுக்குக் கட்சு பொரிச்சுக் கொடுப்பாங்க. நம்ம ஊரில் தயிர்-சர்க்கரை கொடுத்து அனுப்புவதோட எண்ணெய் வெர்ஷன்.

ஒரு விஷயத்தைச் சொல்லாமல் இந்தக் கதையைத் தாண்ட எனக்கு மனசு வரல. கறி சாப்பிடுவது தீட்டு என்று 1,200 வருஷம் சொன்ன சமூகத்தில், பிராணியை வெட்டுகிறவர், தோல் உரிக்கிறவர், தோல் பதனிடுகிறவர் என்ன ஆனார்? அவர்களைத் தனிச் சாதியாக்கி, ஊருக்கு வெளியே ஒதுக்கி வைத்தார்கள். தொட்டால் தீட்டு. 1871-ல் அரசாணை அந்தப் பிறப்பு வேற்றுமையைச் சட்டத்திலிருந்து நீக்கியது. அடுத்த வருஷம் பேரரசரே இறைச்சி சாப்பிட்டார். தட்டில் இருந்த கறிக்குத் தீட்டு போய்விட்டது, அதை வெட்டிய கைக்குப் போகவில்லை. அந்த மக்களைப் புராகுமின் என்று சொல்வார்கள். கல்யாணம், வேலை என்று வரும்போது அவர்கள் பூர்வீக ஊரைத் தோண்டிப் பார்த்து ஒதுக்குவது 20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் நடந்தது, இன்னும் முழுசாக ஒழிந்துவிடவில்லை.

டோக்கியோவின் ஷினகாவா ரயில் நிலையத்தில் தினமும் லட்சக்கணக்கானவர்கள் இறங்கி ஏறுகிறார்கள். அங்கிருந்து நடந்து போகிற தூரத்தில், கண்ணாடிக் கோபுரங்களுக்கு நடுவே, ஷிபவுரா இறைச்சிச் சந்தை இருக்கு. டோக்கியோ மாநகர அரசு நடத்துவது. மாடும் பன்றியும் அங்கேதான் வெட்டப்படுகின்றன. அந்த வளாகத்துக்குள் பொதுமக்கள் பார்க்க ஒரு சிறிய தகவல் கூடம் வைத்திருக்கிறார்கள். அங்கே எந்தப் பகுதிக் கறிக்கு என்ன பெயர் என்ற படங்களோடு, அங்கே வேலை செய்கிறவர்களை இழிவுபடுத்தி எழுதப்பட்டு வந்த கடிதங்களையும் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். எனக்கு டொன்கட்சு பத்திப் படிச்சதிலேயே மறக்க முடியாத தகவல் இதுதான். நாம சாதி என்றால் நம்ம நாட்டுக்கு மட்டும் பட்டா போட்ட வியாதி என்று நினைக்கிறோம். பன்றி வளர்க்கிறவரையும் சாப்பிடுகிறவரையும் வைத்து ஆளை எடை போடுகிற பழக்கம் நமக்குத் தெரியாததா? ஹாஸ்டல் மெஸ்ஸில் யார் என்ன டிஃபன் பாக்ஸ் திறந்தால் யார் எழுந்து போவார்கள் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். அதே ஆட்கள் ஃபாரின் ட்ரிப்பில் 2,000 யென் குரோபுட்டாவுக்கு ஃபோட்டோ போடும்போது எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வரும், கொஞ்சம் எரிச்சலும் வரும்.

சரி, கிண்ணத்துக்கு வருவோம். டொன்கொட்சு ராமென். ஊர், கியூஷு தீவின் ஃபுகுவோகா பகுதி. 1937-ல் குருமே என்ற நகரத்தில் ஒரு தள்ளுவண்டிக் கடையில் பன்றி எலும்பு ராமென் பிறந்தது. அப்போ சூப் இவ்வளவு வெள்ளையாக இல்லை. 1947-ல் அதே ஊரில் இன்னொரு கடைக்காரர் அடுப்பில் சூப்பை வைத்துவிட்டு வெளியே போக, திரும்பி வந்து பார்த்தால் பால் மாதிரி கலங்கிக் கிடந்தது, ருசி பார்த்தால் பிரமாதம் என்று கதை சொல்வார்கள். எலும்பைச் சிறு தீயில் வைத்தால் சூப் தெளிவாக வரும். பெருந்தீயில் மணிக்கணக்காகத் தளதளவென்று கொதிக்கவிட்டால், எலும்பு, மூட்டுகளில் இருக்கிற கொலாஜன் கரைந்து ஜெலட்டின் ஆகும், கொழுப்பு பொடிப்பொடித் துளிகளாக உடைந்து தண்ணீரோடு கலந்து நிற்கும். அந்தத் துளிகள் பிரியாமல் பிடித்து வைப்பது ஜெலட்டின். பால் ஏன் வெள்ளையாக இருக்கோ, இதுவும் அதே காரணத்தால்தான் வெள்ளை. துளி பால் கிடையாது.

வாசலில் ஒரு மெஷின் இருக்கும். முதலில் காசு, பிறகு பட்டன், டிக்கெட் வரும். அதைக் கவுன்ட்டரில் வைத்தால் ஒரே கேள்வி கேட்பார்கள், நூடுல்ஸ் எவ்வளவு கெட்டியாக வேணும்? ‘கத்தா’ என்றால் கொஞ்சம் கெட்டி. ‘பாரிகத்தா’ என்றால் ரொம்பக் கெட்டி, கிட்டத்தட்ட வேகாதது. ஃபுகுவோகாவின் நகஹாமா மீன் சந்தைத் தொழிலாளர்களுக்கு நேரம் கிடையாது, சட்டென்று வேகணும் என்று நூடுல்ஸை மெலிசாக்கினார்கள். மெலிசு நூடுல்ஸ் சூப்பில் கிடந்தால் சீக்கிரம் குழைஞ்சு போயிடும், அதனால் கொஞ்சமாகப் போட்டு, தீர்ந்ததும் இன்னொரு பிடி வாங்கிக்கொள்ளும் வழக்கம் வந்தது. அதுக்குப் பெயர் ‘கயேதாமா’. கேட்கிற வரை சூப்பைக் குடிச்சு முடிச்சுடக் கூடாது, அவ்வளவுதான் தந்திரம். உறிஞ்சி சத்தம் போடலாம். வீட்டில் அம்மா திட்டிய அத்தனையையும் இங்கே தாராளமாகச் செய்யலாம். சாப்பிட்டு முடித்த பிறகு உட்கார்ந்து கதை பேசுவதுதான் தப்பு. ராமென் விலையில் ‘1,000 யென் சுவர்’ என்று கடைக்காரர்கள் மத்தியில் ஒரு பேச்சு உண்டு. அதைத் தாண்டினால் வாடிக்கையாளர் முகம் சுளிப்பார் என்ற பயம். அந்த விலையில் கடை ஓடணும்னா ஒரு சீட்டில் ஒரு மதியத்துக்குள் பல பேர் உட்கார்ந்து எழுந்திருக்கணும்.

ஒகினாவாவைச் சொல்லாமல் பன்றி எபிசோட் முடியாது. அது தனி ராஜ்ஜியமாக இருந்த தீவு, ரியூக்யூ. சீனாவோடு நெருக்கம், அதனால் ஜப்பானின் மற்ற பகுதி மலைத் திமிங்கலம் என்று ஒளிச்சு சாப்பிட்ட காலத்திலும் இவர்கள் பன்றியை வெளிப்படையாக வளர்த்தார்கள். பன்றியின் கத்தலைத் தவிர எல்லாத்தையும் சாப்பிடுவோம் என்பது அங்கத்திய பேச்சு. ‘மிமிகா’ என்பது காதைச் சீவிச் செய்கிற சாலட், குருத்தெலும்பு கடக் கடக்கென்று கடிபடும். ‘ரஃப்தே’ என்பது தோலோடு கூடிய வயிற்றுக்கறியை அவாமோரி என்ற உள்ளூர் சாராயம், கருஞ்சர்க்கரை, சோயா சாஸ் சேர்த்து மணிக்கணக்கில் வேகவைப்பது. அந்தக் கருஞ்சர்க்கரை மணம் நம்ம கருப்பட்டிக்குப் பழகிய மூக்குக்கு உடனே பிடிச்சுடும்.

1945-ல் அந்தத் தீவில் நடந்த போர் மனிதர்களோடு பன்றிகளையும் அழித்துவிட்டது. பட்டினி. செய்தி ஹவாயில் கரும்புத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போய்க் குடியேறியிருந்த ஒகினாவா வம்சாவளியினருக்கு எட்டியது. அவர்கள் ஆளாளுக்குக் காசு சேர்த்தார்கள். பணமாகவோ அரிசியாகவோ அனுப்பவில்லை. அமெரிக்காவில் 550 பன்றிகளை வாங்கினார்கள். 1948-ல் ஏழு பேர் கூடவே கப்பலேறி, வழியில் புயலில் சிக்கி, அந்தப் பன்றிகளை ஒகினாவாவில் கொண்டு இறக்கினார்கள். அவை குட்டி போட்டுப் பெருகின. நாஹா நகரத்தில் ஒரு கிண்ணம் சோக்கி சோபா சாப்பிடும்போது, அந்த விலா எலும்புக்குப் பின்னால் இப்படி ஒரு கப்பல் இருக்கு.

இப்போ பன்றி சாப்பிடாதவங்களுக்கு. இது விளையாட்டில்லை, அதனால் நிதானமாகவே சொல்றேன்.

கல்லூரி நண்பன் ஒருத்தனோட டோக்கியோவில் ஒரு ராமென் கடைக்குப் போனேன். அவன் முஸ்லிம். டிக்கெட் எடுக்கும் முன்பே கடைப் பையனிடம் மொபைலில் மொழிபெயர்த்துக் காட்டினோம், பன்றி வேண்டாம் என்று. “சரி, சரி” என்று தலையாட்டினான். மேலே வைக்கிற சாஷு துண்டை எடுத்துடுவான், அவ்வளவுதான் அவன் புரிந்துகொண்டது. நண்பன் விடவில்லை. “சூப் எதில் செய்றீங்க?” என்று மறுபடி டைப் பண்ணிக் காட்டினான். பையன் பெருமையாகச் சிரித்து, “டொன்கொட்சு!” என்றான். என் நண்பன் என்னைப் பார்த்து, “மச்சான், நீ உட்கார்ந்து சாப்பிடு, நான் வெளியே நிக்கிறேன்” என்றான். அவனை வெளியே நிறுத்திட்டு நான் எப்படிச் சாப்பிடுவேன்? ரெண்டு பேரும் பக்கத்துத் தெருவில் சுஷிக்குப் போனோம்.

அந்தப் பையன் பொய் சொல்லல. அங்கே ‘கறி’ என்றால் கண்ணுக்குத் தெரிகிற துண்டு. சூப்பும் எண்ணெயும் அந்தக் கணக்கில் வராது. அதனால் எங்கெல்லாம் ஒளிந்திருக்கும் என்று நீங்கதான் தெரிஞ்சு வைக்கணும். கியோஸாவில் பெரும்பாலும் பன்றிக் கொத்துக்கறி. ஒகோனோமியாகியில் சொல்லாவிட்டால் பன்றி வயிற்றுக்கறிப் பட்டை வரும். டொன்கட்சு கடையில் கோழி, இறால் கட்சு இருக்கும், ஆனா பல கடைகளில் பொரிப்பது பன்றிக் கொழுப்பில், இல்லாட்டி பன்றி பொரித்த அதே எண்ணெயில். ஜப்பானிய கறி ரைஸுக்கான கட்டிகளில் மாட்டுக் கொழுப்போ பன்றிக் கொழுப்போ சேர்ப்பது சகஜம். கோழி ராமென் என்று போட்டிருந்தாலும் சூப்பில் பன்றி எலும்பு கலந்திருக்கலாம், ‘டோரி பைதான்’ என்ற வெள்ளைக் கோழி சூப்பையும் கேட்டுத்தான் நம்பணும். ஒசாகா பக்கம் இன்னொரு வேடிக்கை. அங்கே ‘நிக்கு’, அதாவது கறி, என்று சும்மா சொன்னால் மாடு. அதனால் டோக்கியோவில் ‘நிக்குமான்’ என்று விற்கும் பன்றிக்கறி பன்னுக்கு அங்கே ‘புட்டாமான்’ என்று பெயர்.

பாக்கெட் உணவில் லேபிள் பார்த்துக்கலாம் என்று நினைக்காதீங்க. ஜப்பானில் ஒவ்வாமைப் பொருள்களில் கோதுமை, முட்டை, பால், இறால் மாதிரி சிலதைக் கட்டாயம் அச்சிடணும். பன்றி அந்தக் கட்டாயப் பட்டியலில் இல்லை, ‘போட்டால் நல்லது’ என்ற இரண்டாவது பட்டியலில் இருக்கு. ரெஸ்டாரன்ட் தட்டுக்கு அந்தச் சட்டமே கிடையாது.

அதனால் கேள்வியைச் சரியாகக் கேட்கணும். “புட்டாநிக்கு” என்று கேட்டால் கறித்துண்டைப் பத்தித்தான் பதில் வரும். துண்டு, எலும்பு சூப், கொழுப்பு எண்ணெய், மூணையும் தனித்தனியாக எழுதி, மூணும் சாப்பிட மாட்டேன் என்று ஜப்பானிய மொழியில் ஒரு அட்டை தயார் பண்ணி வச்சுக்கோங்க. ஹலால் சான்றிதழோட ராமென் கடைகள் டோக்கியோ, ஒசாகா மாதிரி நகரங்களில் இப்போ இருக்கு, முதல் நாளே தேடி மேப்பில் குறிச்சு வைங்க. கூட வருகிற நண்பர்களே, அந்தக் கடையை அவங்க தேடணும்னு விட்டுடாதீங்க, நீங்க தேடுங்க.

இன்னும் ஒண்ணு. சாப்பிட்டு முடிச்சதும் டிப்ஸ் வைக்காதீங்க, காசை மறந்துட்டீங்கன்னு தெருவரைக்கும் ஓடி வந்து கொடுப்பாங்க. தட்டைக் கவுன்ட்டரின் மேல் விளிம்பில் எடுத்து வச்சு, “கோச்சிசோசாமா” என்று சொல்லிட்டு எழுந்திருங்க. பின்னால வரிசை நிக்குது.